ஓடுகிறான், சரி, நிற்கிறானா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். என் மகன் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் வைட் ரிசீவர், அதாவது ஓடிப்போய் பாஸைப் பிடிக்கிறவன். அக்டோபரில் இடது முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்து, நவம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு மாதம் ஆகிறது. "பழைய வேகம் வந்துடுச்சுப்பா" என்கிறான். இதற்கிடையில் புது ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் கோச்) வந்து ஆட்டத்தையே, பாஸ் அதிகம் வீசும் ஏர் ரெய்டு பாணிக்கு மாற்றிவிட்டார். ஸ்பிரிங் பயிற்சியில் இவன் இறங்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் முதல் ஆட்டம். ஆடலாமா? இடம் போய்விடுமா?

பதில்: ஆகஸ்டில் ஆட வாய்ப்பு இருக்கிறது. ஆனால் வேகத்தை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள். ஏ.சி.எல். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, காலை ஊன்றி நிற்கும்போதோ திரும்பும்போதோதான் கிழிகிறது. ரிசீவரின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. கம்பேக் என்கிற ரூட்டில் (ரிசீவர் ஓட வேண்டிய வழி) 15 யார்டு முழு வேகத்தில் ஓடி, இரண்டு மூன்று எட்டில் வேகத்தை அடக்கி, பந்தை நோக்கித் திரும்பி வர வேண்டும். அந்த எட்டுகளில் இடுப்பு தாழ்ந்து, தொடையின் முன்தசை மொத்த பாரத்தையும் வாங்க வேண்டும். தசை இளைத்திருந்தால் ஆள் நிமிர்ந்தபடியே நிற்கப் பார்ப்பான், அல்லது நல்ல காலில் பாரத்தைப் போட்டு ஒரு எட்டு கூடுதலாக வைப்பான். போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

ஆறாம் மாதம் கொஞ்சம் ஏமாற்றுகிற மாதம். வலி போயிருக்கும், கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உள்ளே வைத்த கிராஃப்ட் இன்னும் முதிர்ந்திருக்காது. 2016-ல் வந்த டெலவேர்-ஆஸ்லோ ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் முழங்காலில் மறுபடி காயம்படுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உங்கள் மகனுக்கு ஆகஸ்ட் கடைசியில் ஒன்பது மாதம் தாண்டிவிடும். கூடவே முன்தசை பலமும் ஒற்றைக்கால் தாவல்களும் மற்ற காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். பலத்தைக் கருவியில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். கையால் அழுத்திப் பார்த்து "நல்லா இருக்கு" என்றால் போதாது. இதில் ஒரு சிக்கல் உண்டு: ஓய்வில் நல்ல காலும் இளைத்திருக்கும், அதனால் சதவீதம் அழகாகவே வரும். காயத்துக்கு முந்தைய அளவுகள் அணியிடம் இருந்தால் அவற்றோடு ஒப்பிடுவதுதான் சரி.

அலபாமா பல்கலைக்கழக அணியின் ரிசீவர் ஜேமிசன் வில்லியம்ஸுக்கு 2022 ஜனவரியில், ஜார்ஜியாவுடனான தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் ஏ.சி.எல். கிழிந்தது. ஏப்ரலில், தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டெட்ராய்ட் லயன்ஸ் அவரை 12-வது ஆளாக எடுத்தது. அவ்வளவு விலை கொடுத்தவர்களே டிசம்பர் வரை களத்தில் இறக்கவில்லை. பிடித்த முதல் பந்து 41 யார்டு டச்டவுன். அந்த சீசனில் அவர் பிடித்ததும் அது ஒன்றுதான். திரும்பி வரும் ரிசீவருக்கு முதலில் கிடைப்பது சின்ன வேடம்தான், அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

புது பாணி உங்கள் மகனுக்கு ஒருவகையில் அதிர்ஷ்டம். ஹால் மம்மி, மைக் லீச் என்ற கோச்சுகள் அயோவா வெஸ்லியன் கல்லூரியில் வளர்த்தெடுத்த ஏர் ரெய்டில் பிளேக்கள் (முன்கூட்டியே வகுத்த ஆட்டத் திட்டங்கள்) குறைவு, அவற்றையே திரும்பத் திரும்பப் பழகுவார்கள். அதன் பழைய வடிவத்தில் ரிசீவர் ஒரே பக்கத்திலேயே நிற்பார். ஸ்பிரிங்கைத் தவறவிட்டவன் எட்டிப் பிடித்துவிடலாம்.

ஆனால் "ஸ்லாட்டில் (ஓரத்தில் இல்லாமல் உட்பக்கமாக நிற்கும் ரிசீவர் இடம்) போட்டால் காலுக்குச் சுலபம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெஷ் என்கிற பிளேயில் நடுவில் குறுக்கே ஓடுகிறவன், எதிரணி ஜோன் ஆடினால் (ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காத்தால்) இடைவெளியில் சட்டென்று நிற்க வேண்டும். எதிரணியின் நடுத் தடுப்பாளரான லைன்பேக்கர் வந்து மோதுவதும் அங்கேதான். வெளியே நின்றால் நேர் ஓட்டம் அதிகம். அதிலும் அவனைக் காக்கும் கார்னர்பேக் ஆழமாகப் பின்வாங்கினால் நின்று திரும்பு என்று சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் வெளியே, ஆட்டத்துக்கு இத்தனை ஸ்னாப் (ஒரு பிளே தொடங்குவது) என்ற வரம்போடு. இந்த பாணியில் ஆட்டம் வேகமாக நகரும், பாஸும் அதிகம். களைத்த கால்தான் தப்பாக ஊன்றும்.

இப்போது சும்மா உட்கார வேண்டாம். ரிசீவர் கோச்சின் மீட்டிங் ஒன்றையும் விடக் கூடாது. பயிற்சியில், பாஸ் வீசும் குவாட்டர்பேக்குக்குப் பின்னால் நின்று, சிக்னல் வந்ததும் தன் ரூட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். பந்து வீசும் ஜக்ஸ் மெஷின் முன்னால் நின்றபடி பந்து பிடிக்கலாம். ஆகஸ்டில் கோச் பார்ப்பது பிளே தெரிந்தவனா என்பதையும்தான்.

சோதனையில் தேறாவிட்டால் சீசனே போச்சு என்று பதற வேண்டாம். ரெட்ஷர்ட் என்றால் ஓர் ஆண்டு ஆடாமல் இருந்து, ஆடும் தகுதி ஆண்டு ஒன்றை மிச்சம் வைப்பது. 2018-ல் வந்த ரெட்ஷர்ட் விதியின்படி, நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த ஆண்டு தகுதிக் கணக்கில் கழியாது. அக்டோபர் கடைசியில் இறங்கினாலும் லாபம்தான். அவன் ஏற்கெனவே ரெட்ஷர்ட் ஆண்டைப் பயன்படுத்திவிட்டானா, விதி மாறியிருக்கிறதா என்பதைக் விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம், ஜூலை கடைசியில் ஒரு முறை பலத்தை அளக்கச் சொல்லி, அந்த எண்ணை அணி மருத்துவரிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.