பல துறை மாறி மாறி வேலை பார்த்தவர் பன்னாட்டு வணிக, முதலீட்டு ஆலோசகர் ஆக முடியுமா?

முடியும். கேட்டவர் நாலு இடம் தாவிவிட்டு, இப்போது சொந்த ரெஸ்யூமைப் பார்த்தே பயந்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படி இருந்தவன்தான். "ஓரிடத்தில் கால் பாவாத ஆள்" என்று ஒரு நேர்காணலில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

என் வரிசை இது: வங்கியில் எல்சி (ஏற்றுமதியாளருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம்) ஆவணம் சரிபார்க்கும் மேசை, ஏற்றுமதி நிறுவனத்தில் ஷிப்பிங், பிறகு ஒரு முதலீட்டு நிதியில் சில வருடம், அப்புறம் தனி ஆலோசகர். இதில் முதல் வேலையைத்தான் எல்லோரும் இளக்காரமாகப் பார்த்தார்கள். எல்சிக்கான சர்வதேச விதித்தொகுப்பான யூசிபி 600-இன்படி வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. ஆவணம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி வேலைநாளுக்குள் சரியா தப்பா என்று சொல்லிவிட வேண்டும். மூன்று வருடம் அதையே செய்தால் கண் ஒரு மாதிரி ஆகிவிடும். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் தேதிக்குத்தான் போகும்.

பல வருடம் கழித்து என் வாடிக்கையாளர் ஒருவர் வேறொரு நாட்டு ஏற்றுமதி நிறுவனத்தில் பங்கு வாங்க இருந்தார். டியூ டிலிஜென்ஸுக்கு, அதாவது வாங்கும் முன் நிறுவனத்தைக் குடைந்து பார்ப்பதற்கு, வக்கீல், ஆடிட்டர், எக்ஸெல் மாடல் போடுகிறவர் என்று ஒரு கூட்டமே இருந்தது. கடைசிக் காலாண்டில் விற்பனை குபீரென்று ஏறியிருந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் டிசம்பர் விற்பனைக்கான பில் ஆஃப் லேடிங்குகளை, அதாவது கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதுகளைக் கேட்டேன். "அது எதுக்கு இப்போ?" என்றார்கள். இரண்டு வாரம் நச்சரித்த பிறகு ஸ்கேன் பிரதிகள் வந்தன.

விற்பனை எஃப்ஓபி, அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றித் தரும் நிபந்தனை. சரக்கு கப்பலில் ஏறினால்தான் பொறுப்பு வாங்குபவருக்கு மாறும். இன்வாய்ஸில் டிசம்பர் 28. பில் ஆஃப் லேடிங்கின் அடியில், கொஞ்சம் சாய்வாகக் குத்தியிருந்த 'ஷிப்டு ஆன் போர்டு' (கப்பலில் ஏற்றியாயிற்று) முத்திரையில் ஜனவரி 9. ஒன்று என்றால் விட்டிருப்பேன். பதினேழு இருந்தன. சரக்கு கிடங்கில் கிடக்கும்போதே விற்றதாகக் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள்.

"இதை ஆடிட்டரே பிடித்திருப்பாரே" என்று யாராவது சொல்வீர்கள். தெரியும், விற்பனை சரியான காலத்தில்தான் கணக்கில் ஏறியதா என்று பார்க்கும் கட்-ஆஃப் சோதனை ஆடிட்டின் அரிச்சுவடி. அவர் மாதிரிக்கு எடுத்த பில்களில் இவை இல்லை, அவ்வளவுதான். வருவாயை எப்போது கணக்கில் ஏற்றலாம் என்று சொல்லும் ஐஎஃப்ஆர்எஸ் 15 கணக்குத் தரநிலையில் சரக்கின் கட்டுப்பாடு எப்போது கைமாறுகிறது என்பதுதான் கேள்வி, எஃப்ஓபி மட்டுமே அளவுகோல் இல்லை என்பதும் தெரியும். இவர்கள் ஒப்பந்தத்தில் உரிமை மாறுவதையும் அதே கட்டத்தில்தான் வைத்திருந்தார்கள்.

பேரம் நின்றது. வாடிக்கையாளர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நன்றியோடு சரி. என் கட்டணத்தில் பெரும்பகுதி சக்சஸ் ஃபீ, பேரம் முடிந்தால்தான் வரும். நாலு மாத உழைப்பு, 'வேண்டாம்' என்று சொன்னதற்காகப் போனது. இப்போதெல்லாம் மாத ரீடெய்னர் (பேரம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் வரும் மாதக் கட்டணம்) பேசாமல் ஃபைலைத் திறப்பதில்லை. நீங்களும் அதை முதலிலேயே பேசிவிடுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

தேதி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை. 03/04 என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? அமெரிக்கர் ஒரு மாதிரி படிப்பார், ஐரோப்பியர் வேறு மாதிரி படிப்பார். வருடம், மாதம், நாள் என்று எழுதச் சொல்லும் ஐஎஸ்ஓ 8601 தரநிலை 1988-லேயே வந்தாயிற்று. யார் மதிக்கிறார்கள்? ஒரு டெண்டருக்கு நான் ஒரு மாதம் தாமதமாகப் போய் நின்றது இதனால்தான். அந்த மின்னஞ்சலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ரெஸ்யூமில் நாலு வேலையையும் மறைக்காமல் போடுங்கள். மாதத்தை மட்டும் எழுத்தில் எழுதுங்கள்.