சேகரிப்பவர்கள் உண்மையிலேயே தேடி அலையும் பழைய காசு எது?

வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் தருவதாக வாட்ஸ்அப்பில் வந்ததாம், நம்பலாமா, உண்மையில் மதிப்புள்ள காசு எது என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பாதீர்கள். முன்பணம், கமிஷன், வரி என்று உங்களிடம்தான் கறப்பார்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

உலக அளவில் என்றால் அமெரிக்காவின் 1933-ஆம் வருட இருபது டாலர் தங்கக் காசு. 2021-ல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 88 லட்சம் டாலருக்குப் போனது. அதை நாம் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் சேர்ப்பது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது 1911 ‘பன்றி ரூபாய்’. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கும். தும்பிக்கையையும் வாலையும் குட்டையாகச் செதுக்கிவிட்டதால் பார்க்கப் பன்றி மாதிரியே தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளில் அடித்தவை சுமார் 94 லட்சம். வெளியே போனது 7 லட்சம் அளவுதான், மீதி உருக்கப்பட்டது. 1912-ல் தும்பிக்கையை நீட்டிவிட்டார்கள். கதை அருமை, ஆனால் காசு அவ்வளவு அரிதில்லை. கொஞ்சம் அலைந்தால் கிடைக்கும்.

கை நடுங்க வைப்பது 1939, ஆறாம் ஜார்ஜ் ரூபாய். 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் அது. உலகப் போர் வந்து, 1940-ல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1938 ரூபாய் சாதாரணமாகக் கிடைக்கும், 1939 கண்ணில் படாது. வம்பே அங்கேதான்.

நாணயக் கண்காட்சி ஒன்றில் எனக்கு ஒரு 1939 மாட்டியது. எடை போட்டேன், 11.6 கிராம், சரியாக இருந்தது. இருக்காதா பின்னே, காசு அசல், தேதிதான் பொய். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், கடைசி 9-ன் கீழ்வட்டத்தில் இடப்பக்கம் மட்டும் காசின் பரப்பு சொரசொரவென்று இருக்கிறது. 8-ன் அந்தப் பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கியிருக்கிறார்கள். எவ்வளவு கொடுத்தேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அப்புறம், பழசு என்பதால் மட்டும் விலை வராது. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் வைத்திருப்பவர்கள் பலர் ஏமாறுவது இதில்தான்: அந்தத் தேதியையே மாற்றாமல் பல வருடம் அடித்துக்கொண்டிருந்தார்கள். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தடம் இருந்தால் சேகரிப்பவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், வெள்ளி விலைதான். என் அம்மா ஒரு தடவை நல்ல மனதோடு என் காசுகளைத் திருநீறு போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தார். கருத்திருந்தபோது இருந்த மதிப்பு அதோடு போச்சு.

உங்களிடம் 1939 இருந்தால், அந்தக் கடைசி 9-ஐ மட்டும் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். துடைக்காமல்.