கடனில் எடுத்துக் கடனுக்கு வட்டி கட்டுதல்: பழைய கிற்றார் பெடல்கள் பற்றிய ஒரு கடிதம்

கேள்வி (சுருக்கம்): எனக்கு வயது 43. கனடாவில், ஸ்காபரோவில் மனைவி, இரு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். 2021, 2022ஆம் ஆண்டுகளில் வீட்டை ஈடாக வைத்து வேண்டியபோது எடுக்கும் வங்கிக் கடனான லைன் ஒஃப் கிரெடிட்டிலிருந்து ஏறத்தாழ 31,000 டொலர் எடுத்து, பெரும்பாலும் 1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட 23 கிற்றார் பெடல்களை வாங்கினேன். இப்போது அந்தக் கணக்கில் 38,400 டொலர் கடன் நிற்கிறது. இசைக்கருவிகளை விற்கும் ரிவேர்ப் இணையத்தளத்தில் மற்றவர்கள் கேட்கும் விலைகளைக் கூட்டினால் என்னுடைய தொகுப்பு 41,000 டொலர் பெறும். மாதாந்த வட்டி அந்த லைனிலிருந்தே கழிந்துவிடுவதால் சம்பளத்தில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் கடந்த இரண்டு வருடங்களாக விலைகள் இறங்குகின்றன, மனைவி கவலைப்படுகிறார். விலை மீளும் வரை காத்திருக்கலாமா? மனைவியின் தம்பி, இறந்துபோன ஓர் இசைக்கலைஞரின் குடும்பத்திடமிருந்து 30 பெடல்களை மொத்தமாக 16,000 டொலருக்கு எடுப்போம் என்றும், பாதிப் பணத்தை நான் லைனிலிருந்து போட வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: விலை மீளுமா என்பதே உங்கள் கடிதத்தின் முதல் கேள்வி. ஆனால் அதில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னைக் கலங்க வைத்தது: வட்டி லைனிலிருந்தே கழிந்துவிடுகிறது என்ற வரி. நீங்கள் 31,000 டொலருக்குத்தான் பெடல் வாங்கினீர்கள். கடனோ 38,400 டொலர். இடையில் உள்ள 7,400 டொலருக்கு உங்கள் அலுமாரியில் எந்தப் பெட்டியும் இல்லை. அது முழுவதும் வட்டி. அந்த வட்டிக்கும் இப்போது வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு காப்பை அடைவு வைத்துவிட்டு, அதன் வட்டியைக் கட்ட இன்னொரு காப்பை அடைவு வைக்கும் வீட்டைப் பற்றி ஊரில் நம் அம்மாமார் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சம்பளத்தில் கை வைக்காததால் செலவே இல்லை என்று தோன்றுவதுதான் இந்தப் பழக்கத்தின் ஆபத்து. பெடல் விலை ஏறினாலும் இறங்கினாலும், முதலில் நிற்க வேண்டியது இது.

பெடல் என்றால் என்னவென்று அறியாத மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி: கிற்றாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே வைத்து, காலால் மிதித்து, ஒலியைக் கரகரப்பாக்கவோ எதிரொலிக்க வைக்கவோ பயன்படும் சிறு உலோகப் பெட்டிகள் அவை. அவற்றுள் பழையவற்றுக்குச் சேகரிப்பாளர்களிடையே பெரிய சந்தை உண்டு.

அந்தச் சந்தை ஏன் ஏறியது, ஏன் தளர்ந்தது என்பதை வட்டி வீதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை கனடா மத்திய வங்கியின் வீதம் 0.25 சதவீதமாக இருந்தது. அதையொட்டி வங்கிகள் தம் கடன்களுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் வீதம் 2.45. பிரைமுக்கு மேல் அரை சதவீதம் என்ற வழக்கமான ஏற்பாட்டில் உங்களுக்கு 2.95 சதவீதத்தில் கடன் கிடைத்தது. அதே காலத்தில் பெருந்தொற்றால் வீட்டில் முடங்கியிருந்த அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் உங்களைப் போலவே மலிவான பணத்தோடு உங்களைப் போலவே பழைய பெடல்களைத் தேடினார்கள். உங்கள் கடனை மலிவாக்கிய காரணமே பெடல்களின் விலையையும் உயர்த்தியது. 2023 ஜூலையில் மத்திய வங்கியின் வீதம் 5 சதவீதத்தைத் தொட்டு, பிரைம் 7.20 ஆனபோது, உங்கள் கடனின் வட்டி 7.70 ஆயிற்று, வாங்க வந்த கூட்டமும் கலைந்தது. கடன் பாரமாகும் வேளையில் பொருளை விற்றுத் தப்பலாம் என்ற நம்பிக்கையில்தான் பலர் இப்படி வாங்குகிறார்கள். ஆனால் இந்தப் பொருளில் அந்த இரண்டும் ஒரே திசையில்தான் உங்களை நெருக்கின.

உங்கள் தொகுப்பின் பெரிய உருப்படியான க்ளோன் சென்டோரையே எடுத்துக்கொள்வோம். பொஸ்டன் பகுதியில் பில் ஃபின்னகன் 1994 முதல் 2000களின் இறுதிவரை ஏறத்தாழ 8,000 மட்டும் செய்த பெடல் அது, அருமை உண்மையானதுதான். 2022 தொடக்கத்தில் நீங்கள் 4,800 அமெரிக்க டொலர் கொடுத்திருக்கிறீர்கள். அன்றைய மாற்று விகிதத்தில் அது சுமார் 6,100 கனடிய டொலர். இறக்குமதியின்போது கட்டிய 13 சதவீத எச்எஸ்ரி விற்பனை வரியையும் சேர்த்தால் 6,900. அதற்கு இதுவரை ஏறிய வட்டி, தோராயமாக, 1,700. ஆக 8,600 டொலர் அந்த ஒரு பெட்டியில் அடங்கியிருக்கிறது. அதே நிலையிலுள்ள ஒன்று அண்மையில் 4,000 அமெரிக்க டொலருக்கு விற்றதை நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். விற்பனைத் தளத்தின் கட்டணமும் பணப் பரிமாற்றக் கட்டணமுமாக நூற்றுக்கு எட்டுப் போனால், கையில் வருவது 5,000 கனடிய டொலரைச் சற்றே தாண்டும். 3,500 டொலர் நட்டம். இதற்குள் கனடிய டொலர் நலிந்ததால் உங்களுக்குக் கிடைத்த சிறு சலுகையும் அடங்கியிருக்கிறது. அது இல்லாவிட்டால் நட்டம் இன்னும் கூடியிருக்கும்.

முழுத் தொகுப்புக்கும் இதே வகையில் கணக்கிடுகிறேன். 41,000 என்பது விற்கப்படாமல் கிடக்கும் பெடல்களுக்குச் சொந்தக்காரர்கள் கேட்கும் விலை. வாங்குபவர் கொடுத்த விலை வேறு. அதை ரிவேர்ப் தளத்தின் விலை வழிகாட்டியிலும் ஈபேயின் விற்றுமுடிந்த பட்டியலிலும் ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பார்க்கலாம். நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தபின் ஐந்தில் ஒரு பங்கைக் கழிப்பதே பாதுகாப்பு என்று எனக்குப் படுகிறது. 32,800. கட்டணம் 2,600. பொதி, அஞ்சல், காப்புறுதி, பழுதான மின்தேக்கிகளையும் கரகரக்கும் திருகிகளையும் திருத்தும் செலவு என்று இன்னும் 700. மிஞ்சுவது 29,500. கடனுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 9,000 டொலர்.

2025 ஒக்டோபர் குறைப்புக்குப் பிறகு பிரைம் 4.45 ஆகி, உங்கள் வீதம் 4.95க்கு வந்திருப்பது சற்று ஆறுதல்தான். அப்படியிருந்தும் ஆண்டுக்கு 1,900 டொலர் வட்டி. 29,500 டொலர் பெறும் ஒரு தொகுப்பு, நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பதற்கு மட்டும், ஒவ்வொரு ஆண்டும் கட்டணங்கள் போக ஆறரை சதவீதம் ஏற வேண்டும். காத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அதுதான்.

ஏறுமா? சில ஏறலாம். ஆனால் உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் போஸ், ஐபனெஸ் நிறுவனங்களின் ஜப்பானியப் பெடல்கள். அவற்றின் விலைக்கு மேலே ஒரு கூரையை அந்த நிறுவனங்களே கட்டிவிட்டன. ஐபனெஸ் தன் டியூப் ஸ்க்ரீமர் 808 கரகரப்புப் பெடலை 2004இல் மீண்டும் வெளியிட்டது. போஸ் தன் வாசா வரிசையில் டிஎம்-2 எதிரொலிப் பெடலை 2014இலும், சிஇ-2 கோரஸை 2016இலும், எச்எம்-2 கரகரப்புப் பெடலை 2021இலும் புதிதாகத் தந்தது. எச்எம்-2 நல்ல உதாரணம்: 1983இல் வந்து 1991இல் நிறுத்தப்பட்ட, ஒரு காலத்தில் சீண்டுவாரற்றுக் கிடந்த பெடல், சுவீடனின் டெத் மெட்டல் என்ற கடும் ராக் இசைக் குழுக்களின் ஒலிக்கு அதுவே மூலம் என்பது பரவியதும் விலை பன்மடங்காயிற்று, புதிய பதிப்பு வந்ததும், ஒலிக்காக மட்டும் வாங்குபவர்கள் அங்கே போய்விட்டார்கள். இப்போது பழையதை வாங்க மிஞ்சுபவர் சேகரிப்பாளர் மட்டுமே. அவரோ பெட்டியும் கையேடும் கீறலில்லாத உடலும் கேட்பார்.

இன்னொன்று, கனடாவிலிருந்து விற்பவருக்கு மட்டும் உரிய தடை. இந்தச் சந்தையில் வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 800 அமெரிக்க டொலர் வரையான பொதிகளுக்கு அங்கே இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் இறுதியில் நீக்கப்பட்டது. ஜப்பானில் செய்த ஒரு பழைய பெடலை நீங்கள் பக்கத்திலுள்ள மிசிசாகாவுக்கு அனுப்புவதும் அமெரிக்காவின் மிச்சிகனுக்கு அனுப்புவதும் இப்போது ஒன்றல்ல. அமெரிக்க வாடிக்கையாளர் தன் நாட்டு விற்பனையாளரையே முதலில் பார்ப்பார். உங்களிடம் வந்தால் விலையைக் குறைத்துக் கேட்பார்.

வரியிலும் ஆறுதல் இல்லை. சொந்தப் பாவனைப் பொருளை விற்று இலாபம் வந்தால், ஒரு பொருளின் கொள்விலையும் விற்பனை விலையும் குறைந்தது 1,000 டொலர் எனக் கொண்டு, அதன்படி வரும் இலாபத்தை முதலீட்டு ஆதாயமாகக் காட்ட வேண்டும். நட்டம் வந்தால் அதைக் கழிக்க முடியாது. முத்திரை, நாணயம், ஓவியம் போன்றவற்றுக்கு உள்ள சிறு விலக்கில் கிற்றார் பெடல் இல்லை. மைத்துனரோடு சேர்ந்து மொத்தமாக வாங்கி விற்கத் தொடங்கினால் அது வியாபார வருமானமாகிவிடும். அப்போது கணக்கேடு, ரசீது எல்லாம் வேண்டும்.

மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். அவர் கேட்பது 8,000 டொலர். நீங்கள் கொடுத்தால் உங்கள் கடன் 46,400 ஆகும். வீடு உங்கள் பெயரிலும் உங்கள் மனைவியின் பெயரிலும் இருக்கிறது. மைத்துனரின் பெயரில் இல்லை. விற்பனை தாமதித்தால் அவருக்குப் பொறுமை போதும், உங்களுக்கு மாதம் 33 டொலர் கூடுதல் வட்டி. தன் பங்கை எங்கிருந்து கொண்டுவருவார் என்று அவர் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அதைக் கேட்டீர்களா என்பதும் தெரியவில்லை. இறந்தவரின் குடும்பம் 30 பெடல்களையும் சேர்த்துத்தான் விற்கும் என்றால், அவற்றுள் நல்லவை நான்கோ ஐந்தோ, மற்றவை தூக்கிச் சுமக்க வேண்டியவை என்று எடுத்துக்கொள்வதே வழக்கம்.

உறவை முறிக்காமல் மறுக்க ஒரு வழி இருக்கிறது. வாங்குவதற்குப் பதிலாக விற்கச் சொல்லுங்கள். உங்கள் தொகுப்பிலிருந்து மூன்று பெடல்களை அவரிடம் கொடுத்து, 60 நாள்களுக்குள் விற்றுத் தந்தால் கட்டணம் போக வரும் தொகையில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு என்று சொல்லிவிடுங்கள். சந்தை அவர் சொல்வதுபோல் சூடாக இருந்தால் அவருக்கு இது எளிது. முடியவில்லையென்றால் 30 பெடல்களைப் பற்றிய பேச்சு தானாக அடங்கும். அரிய பொருள்களைப் பங்கு பங்காகப் பிரித்து விற்கும் செயலி ஒன்றில் உங்கள் க்ளோனைப் போடலாம் என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெட்டியை முழுதாக விற்பதற்கே ஆள் தேட வேண்டிய நிலையில், அதன் நூறில் ஒரு பங்கை வாங்கியவர் யாரிடம் போய் விற்பார் என்ற எளிய கேள்விக்கு இத்தகைய விளம்பரங்கள் தெளிவான பதில் தந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வரும் மாதம் முதல் வட்டி சம்பளக் கணக்கிலிருந்து போகட்டும். இதற்கு வங்கியில் ஒரு படிவம் போதும். நீங்கள் உண்மையில் வாசிக்கும் ஐந்து பெடல்களை வைத்துக்கொள்ளுங்கள்; வாசிப்பவருக்கு அவை கருவிகள், அவற்றின் சந்தை விலையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எஞ்சிய 18ஐயும் ஒரே வாரத்தில் கொட்டாமல், புதிய பதிப்பு வந்துவிட்ட போஸ், ஐபனெஸ் பெடல்களிலிருந்து தொடங்கி, மாதம் இரண்டு அல்லது மூன்றாக விற்றுவாருங்கள். க்ளோனைக் கடைசிக்கு ஒதுக்க வேண்டாம். இந்தத் தொகுப்பில் கடனைக் கண்ணுக்குத் தெரியும்படி குறைக்கக்கூடிய ஒரே பொருள் அதுதான். கொடுத்த விலைக்குக் குறைவாக விற்க உங்களுக்கு மனம் வராது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் வாங்க வருபவருக்கு உங்கள் கொள்விலை தெரியாது, தெரிந்தாலும் அவருக்கு அதனால் ஆவதொன்றில்லை.

இந்த 18இலிருந்தும் 23,500 டொலர் கைக்கு வந்தால் கடன் 14,900க்கு இறங்கும். மாதம் 450 டொலர் கட்டினால், இன்றைய வட்டியில் சுமார் மூன்று வருடங்களில் தீரும். ஒவ்வொரு பெடலும் விற்ற அன்றே பணத்தை லைனில் போடுங்கள். கடன் 15,000ஐ எட்டியதும் மனைவியையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய், அந்த லைனின் உச்சவரம்பையே 15,000ஆகக் குறைக்கச் சொல்லி இருவரும் கையொப்பமிட்டுவிட்டு வாருங்கள்.