கம்பெனியிடம் நிதி கேட்கும்போது: வாசகர் கேள்வி – பதில்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு (சுருக்கமாக சி.எஸ்.ஆர்.) விண்ணப்பிப்பது பற்றி ஊர் அமைப்புகளிடமிருந்தும் சிறு அறக்கட்டளைகளிடமிருந்தும் வந்த கேள்விகளில் சில இங்கே.

எங்கள் அறக்கட்டளை நான்கு கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறது. ஏழெட்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பியும் ஒரு பதிலும் இல்லை. விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். எங்கே குறை?
– வாசகர், திண்டிவனம்

உங்கள் முதல் பத்தி இது: "கல்வியே சமுதாயத்தின் கண். கிராமப்புற ஏழைக் குழந்தைகளின் வாழ்வில் ஒளியேற்றும் உயரிய நோக்கத்துடன் எங்கள் அறக்கட்டளை அயராது உழைத்து வருகிறது." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த மாவட்டத்து எந்த அறக்கட்டளையும் இதே வரிகளை எழுதலாம், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். விண்ணப்பத்தைப் படிக்கும் அலுவலர் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. கம்பெனியின் சி.எஸ்.ஆர். குழு முன்னால் உட்கார்ந்து, "இந்த வேலை ஏன், இவர்களிடம் ஏன், இவ்வளவு தொகை ஏன்" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர். அந்தப் பதிலை அவர் கையில் எழுதிக் கொடுக்க வேண்டியது உங்கள் வேலை.

சரக்கு உங்களிடமே இருக்கிறது. நான்காம் பக்கத்து அட்டவணையில் புதைந்து கிடக்கிறது. அதை மேலே கொண்டுவந்தால் முதல் பத்தி இப்படி அமையும்:

"நான்கு கிராமங்களில் 3 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் 120 பிள்ளைகளைப் பிப்ரவரியில் வாசிக்க வைத்துப் பார்த்தோம். 52 பேரால் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடியவில்லை. ஜூன் முதல் பத்து மாதம், பள்ளி விட்டபின் தினமும் ஒன்றரை மணி நேரம் பயிற்சி கொடுத்து, அடுத்த மார்ச்சுக்குள் அவர்களில் 40 பேரையாவது தடையின்றி வாசிக்க வைப்பது இத்திட்டம். செலவு ரூ. 7,82,800. 120 பேருக்கும் பகிர்ந்தால் ஒரு பிள்ளைக்குச் சுமார் ரூ. 6,523."

52 பேரையும் என்று எழுதாமல் 40 என்று நிறுத்தியது வேண்டுமென்றே. நூற்றுக்கு நூறு என்று எழுதுகிறவர் களத்தைப் பார்த்ததில்லை என்றுதான் அனுபவமுள்ள அலுவலர் நினைப்பார். இடம்பெயரும் குடும்பங்கள் உண்டு, பாதியில் நிற்கும் பிள்ளைகள் உண்டு.

எப்படி அளந்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். 'எங்கள் ஆசிரியர்கள் மதிப்பிட்டனர்' என்றால் போதாது. கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நடந்துவரும் ஏசர் ஆய்வின் வாசிப்புத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகப் போகும். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள் போதும். தொடக்கத்தில், நடுவில், முடிவில் என்று மூன்று முறை, ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். கடைசி முறையாவது மையத்தில் பாடம் நடத்தாத ஒருவர் அளக்கட்டும்.

உங்கள் விண்ணப்பத்தில் அறவே இல்லாத ஒன்று: 'எண்ணும் எழுத்தும்' இருக்கிறது, 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது, அரசே செய்யும்போது நீங்கள் எதற்கு என்ற கேள்விக்குப் பதில். இதை நேர்முகத்தில் கேட்பார்கள். 'எண்ணும் எழுத்தும்' 1 முதல் 3ஆம் வகுப்புக்காகத் தொடங்கப்பட்டு, 2023இல் 4, 5ஆம் வகுப்புக்கும் விரிவாக்கப்பட்டது. அப்படியிருந்தும் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு, பள்ளி விட்டபின் கூடுதல் பயிற்சி தர இந்த மையம் என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள். பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் ஒன்றை இணைத்தால் இன்னும் நல்லது. 'சிறப்பாகச் செயல்படுகிறார்கள்' என்ற சான்றிதழ் வேண்டாம். 'எந்தெந்த நாளில் எந்த வகுப்பறையைத் தருகிறோம்' என்று சொல்லும் கடிதம் வேண்டும்.

இன்னொன்று, யாருக்கு அனுப்பினீர்கள் என்பது. உங்கள் பட்டியலில் பாதி மும்பைத் தலைமையகங்கள். தொழில் நடத்தும் பகுதிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவே சொல்கிறது. உங்களைச் சுற்றி 40, 50 கிலோமீட்டருக்குள் ஆலை வைத்திருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். அனுப்புமுன் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். இணைப்பைப் படியுங்கள். எந்த மாவட்டத்தில், எந்த வேலைக்கு, எவ்வளவு, யார் வழியாகக் கொடுத்தார்கள் என்பதில் பலவும் அதிலோ அவர்கள் இணையதளத்திலோ கிடைக்கலாம். வழக்கமாக 5 லட்சம், 10 லட்சம் கொடுக்கிற இடத்தில் 60 லட்சம் கேட்டால் கோப்பு நகராது.

நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கம்பெனியில் சொன்னார்கள். அப்படியானால் கணக்காளர் சம்பளம், ஆடிட்டர் கட்டணத்தை எங்கே காட்டுவது? 'இதர செலவுகள்' என்று போடலாமா?
– வாசகி, மதுரை

'இதர செலவுகள்' என்ற வரியே பட்ஜெட்டில் இருக்கக் கூடாது. அதைப் பார்த்த கணமே பேனா அங்கே வட்டம் போடும்.

அந்த 5 சதவீதம் கம்பெனிக்கான வரம்பு. சி.எஸ்.ஆர். வேலையை நடத்துவதற்காகக் கம்பெனி தன் அலுவலகத்தில் செய்யும் பொது நிர்வாகச் செலவு, அந்த ஆண்டின் மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அந்தக் கணக்கில் சேராது. பல அலுவலர்களே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சில கம்பெனிகள் உங்களுக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கலாம். அது அவர்களின் உள்விதி. எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திண்டிவனம் மையத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் 8 பேர், மாதம் 5,000, பத்து மாதம்: 4,00,000. ஒருங்கிணைப்பாளர் ஒருவர், 15,000 வீதம் 12 மாதம்: 1,80,000 (ஏப்ரல், மே மாதங்களில் பெற்றோர் கூட்டமும் பயிற்சி ஏற்பாடும் இருப்பதால் 12). அவர் பயணத்துக்கு மாதம் 2,000: 24,000. வாசிப்புப் புத்தகம், தாள், பலகை ஒரு பிள்ளைக்கு 600: 72,000. ஆசிரியர் பயிற்சி 6 நாள், 8 பேருக்குச் சாப்பாடும் பஸ் செலவும் ஆளுக்கு 350: 16,800. பயிற்றுநர் நாளொன்றுக்கு 2,500: 15,000. மூன்று முறை மதிப்பீடு, முறைக்கு 4,000: 12,000. பகுதிநேரக் கணக்காளர் மாதம் 4,000: 48,000. தணிக்கை: 15,000. கூட்டினால் 7,82,800.

கணக்காளரும் தணிக்கையும் சேர்ந்து 63,000, அதாவது மொத்தத்தில் சுமார் 8 சதவீதம். ஒளித்துவைக்க வேண்டிய தொகை அல்ல. நிதி தரும் கம்பெனிக்குத் தனிப் பதிவேடும், பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் வேண்டும்; அதற்கு ஆகிற செலவு இது என்று அடியில் ஒரு குறிப்பு எழுதினால் போதும். வேறு திட்டங்களுக்கும் அதே கணக்காளர்தான் என்றால், அவர் நேரத்தில் எத்தனை பங்கு இதற்கு என்று காட்டுங்கள். ஒரே சம்பளத்தை இரண்டு கம்பெனிகளிடமும் முழுதாகக் காட்டியது தணிக்கையில் தெரிந்தால் நிதி மட்டும் போகாது, பெயரும் போகும்.

பட்ஜெட்டைப் பெரும்பாலும் கெடுப்பது பேராசை அல்ல, பயம். 'குறைத்துக் கேட்டால் கொடுப்பார்கள்' என்று ஒருங்கிணைப்பாளரை வெட்டிவிடுவார்கள். ஆகஸ்டில் இரண்டு ஆசிரியர்கள் நின்றுபோனால் மாற்று ஆள் தேட யாரும் இருக்க மாட்டார்கள், மையம் படுத்துவிடும். படிக்கிறவருக்கும் இது தெரியும்.

அனுப்புமுன் ஒரு சோதனை. திட்ட விவரத்தில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் விவரத்தில் ஒரு வேலை இருக்க வேண்டும். 'மாதந்தோறும் மருத்துவ முகாம்' என்று விவரத்தில் இருந்து, பட்ஜெட்டில் காணோம் என்றால் வெட்டி ஒட்டிய விண்ணப்பம் என்று புரிந்துவிடும். ஊராட்சி இலவசமாகத் தரும் கட்டடம், தன்னார்வலர் உழைப்பு போன்றவற்றை 'எங்கள் பங்கு' என்று தனியாகக் காட்டுங்கள். கேட்கும் தொகையில் சேர்க்காதீர்கள்.

எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது நல்லது? மார்ச்சில் பணம் சும்மா கிடக்கும் என்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

சி.எஸ்.ஆர். குழு ஆண்டுச் செயல்திட்டம் போட்டு இயக்குநர் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதில் இடம்பிடிக்க ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் உங்கள் தாள் அவர்கள் மேசையில் இருக்கட்டும். முதலில் இரண்டு பக்கச் சுருக்கம் போதும். முழு விண்ணப்பம் அவர்கள் கேட்ட பிறகு.

மார்ச் பணத்தில் ஒரு பொறி உண்டு. உங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டதாலேயே கம்பெனி செலவு செய்ததாக ஆகாது. நீங்கள் பயன்படுத்தினால்தான் செலவு. ஆகவே மார்ச் 20ஆம் தேதி பணம் கொடுத்து 31க்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். பெஞ்ச், நீர் சுத்திகரிப்பான் போல உடனே வாங்கி, பொருத்தி, ரசீது தரக்கூடிய வேலை என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். மூன்று விலைப்புள்ளிகள் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். சம்பளம் சார்ந்த திட்டத்துக்கு அந்தப் பணத்தை வாங்கி, செலவாகாததைச் செலவானதாக எழுதிக் கொடுத்தால் அது பொய்க்கணக்கு. அதற்குப் பதில், கம்பெனியைப் பல ஆண்டுத் திட்டமாகத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். மீதியைக் கம்பெனி நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிட வழி இருக்கிறது.

எங்கள் ஊர் ஏரியைத் தூர்வார நிதி கேட்கப் போகிறோம். விண்ணப்பத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?
– வாசகர், செய்யாறு

ஏரி யாருடையது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். உரிய துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்தக் கம்பெனியும் இதைத் தொடாது. 'வாய்மொழியாகச் சரி என்றார்கள்' என்று எழுதாதீர்கள்.

அடுத்து அளவு. 3 ஹெக்டேர் பரப்பில் 60 சென்டிமீட்டர் ஆழம் எடுத்தால் 18,000 கன மீட்டர், அதாவது 1.8 கோடி லிட்டர் கூடுதல் கொள்ளளவு. கேட்க அழகாக இருக்கும். ஆனால் அந்த மண் இரண்டு யூனிட் (200 கன அடி) டிப்பரில் மூவாயிரம் நடைக்கு மேல் வரும். எங்கே கொட்டுவீர்கள்? கரையைப் பலப்படுத்த எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, வெளியே கொண்டுபோக யார் அனுமதி? இந்தக் கணக்கு இல்லாத விண்ணப்பம் பாதியில் நிற்கும்.

கரையடியில் ஆழமாகத் தோண்டினால் கரை பலவீனமாகும். எவ்வளவு தள்ளித் தோண்டுவது என்பதைப் பொறியாளர் வரைபடத்தில் குறித்துத் தர வேண்டும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. நிலத்தடி நீருக்கும் மாட்டுக்கும் உதவும். பாசனம் பெருகும் என்று எழுதிவிட்டு மதகுக்குக் கீழே தோண்டும் திட்டங்கள் இருக்கின்றன. வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் முதல் செலவு அங்கேதான். ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் தண்ணீர் வந்து சேர வேண்டுமே. வேலை பிப்ரவரி முதல் ஜூன் வரை, தரை காய்ந்திருக்கும்போது. ஒரே இடத்தில் நின்று எடுத்த முன், பின் படங்களும், ஏரியைச் சுற்றிப் பத்துக் கிணறுகளின் நீர்மட்டப் பதிவும் முடிவில் கொடுப்பதாக எழுதுங்கள்.

டிரஸ்ட் பதிவு செய்து 14 மாதம்தான் ஆகிறது. விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

கம்பெனி தானே தொடங்காத அமைப்பு என்றால், அதே வகை வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்பது விதி. வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், அவற்றுடன் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து பெறும் எண்ணும் தேவை. 2021 ஏப்ரல் முதல் இந்த எண் இல்லாமல் முடியாது. அதுவரை சி.எஸ்.ஆர். எண் உள்ள அமைப்பு ஒன்று பொறுப்பேற்று நடத்தும் திட்டத்தில் களப்பணியைச் செய்து அனுபவம் சேருங்கள். அரசுப் பள்ளி சார்ந்த வேலை என்றால், 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' வழியாகக் கம்பெனியும் முன்னாள் மாணவர்களும் கொடுக்கலாம். உங்கள் டிரஸ்ட் இடையில் வரவே தேவையில்லை.

சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உள்ள ஊர்க்காரர்கள் உதவத் தயார். வாங்கலாமா?
– வாசகர், காரைக்குடி

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது; பாஸ்போர்ட் நகலை வாங்கி வையுங்கள். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்.

விண்ணப்பம் எழுதித் தருகிறேன், நிதி கிடைத்தால் 10 சதவீதம் கொடுங்கள் என்கிறார் ஒருவர். சரியா?
– வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். அந்த 10 சதவீதத்தைப் பட்ஜெட்டில் எந்த வரியிலும் காட்ட முடியாது. காட்டாமல் கொடுக்க எங்கோ ஒரு பொய் ரசீது வேண்டும். எழுத்துக்கு உதவி தேவை என்றால், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இவ்வளவு என்று பேசி உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுங்கள். கள விவரத்தையும் கணக்கையும் நீங்களே எழுதுங்கள். நேரில் பார்க்க வரும் அலுவலர் கேள்வி கேட்கப்போவது உங்களிடம்தான்.