சிமாண்டே ஏன் நிறுத்தியது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபியூஜீஸ் என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவின் ‘தி ஸ்கோர்’ பாடலுக்கு அடியில் ஓடும் இசை எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய் சிமாண்டே என்ற லண்டன் குழுவைக் கண்டடைந்தேன். 1970-களில் மூன்று ஆல்பங்கள் வெளியிட்டுவிட்டு நின்றுபோயிருக்கிறார்கள். குழுவைத் தொடங்கிய இருவரும் வழக்கறிஞர்கள் ஆகிவிட்டார்கள். உண்மையான கலைஞன் பட்டினி கிடந்தாலும் கலையைக் கைவிடுவானா? தங்கள் இசைமேல் இவர்களுக்கே நம்பிக்கை இருக்கவில்லையோ? இவர்களை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கா.

அன்புள்ள கா.,

சிமாண்டேயைத் தேடிப் போனீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் உங்கள் முதல் கேள்வியை நான் முழுமையாக மறுக்கிறேன். நம்பிக்கை இல்லாதவர்கள் அப்படி ஓர் இசையைச் செய்திருக்கவே முடியாது.

பாட்ரிக் பாட்டர்சன் கிடார், ஸ்டீவ் ஸ்கிப்பியோ பேஸ் கிடார். இருவரும் கயானாவிலிருந்து சிறுவயதில் லண்டனுக்கு வந்தவர்கள். 1971-இல் அவர்கள் தொடங்கிய குழுவில் ஜமைக்காவையும் செயின்ட் வின்சென்டையும் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அது எப்படிப்பட்ட லண்டன் என்பதையும் நினைத்துப் பாருங்கள். குடியேறிகளுக்கு எதிராக ஈனோக் பவல் என்ற அரசியல்வாதி பர்மிங்காமில் பேசிய பேச்சு 1968 ஏப்ரலில். குடியேற்றத்தை மேலும் இறுக்கிய சட்டம் 1971-இல். அந்த ஆண்டுகளில்தான் இந்த இளைஞர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோஹோவில் ஒரு கிளப்பில் தற்செயலாக அந்த ஒத்திகையைக் கேட்ட தயாரிப்பாளர் ஜான் ஷ்ரோடர்தான் அவர்களை ஒலிப்பதிவுக்கு அழைத்துச் சென்றார்.

தங்கள் இசைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நியா-ராக்’. ஜமைக்காவின் ராஸ்தாஃபாரி சமயத்தார் வழிபாட்டில் வாசிக்கும் நியாபிங்கி முழவுகள் அதில் இருக்கின்றன. கரீபியத் தீவுகளின் கலிப்ஸோவும் ஜாஸும், தாளமும் பேஸும் முன்னிற்கும் அமெரிக்க ஃபங்க்கும் இருக்கின்றன. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க் ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடியை ஓங்கி அறைந்து நம்மை முன்னே தள்ளும். சிமாண்டே தள்ளுவதில்லை. நியாபிங்கியில் ஃபுண்டே என்ற முழவு இதயத்துடிப்புபோல ஒரே நிதானத்தில் போய்க்கொண்டிருக்கும்; அந்த நிதானத்தின்மேல்தான் இவர்கள் தங்கள் ஃபங்க்கைக் கட்டினார்கள். ஸ்கிப்பியோவின் பேஸ் பேசிவிட்டு நிற்கும், அந்த இடைவெளியில் காங்கா முழவு பேசும், பிறகுதான் ஊதுகருவிகள் வரும். யாரும் யாரையும் இடித்துக்கொண்டு போவதில்லை. இவ்வளவு பேர் சேர்ந்து வாசித்தும் இவ்வளவு காற்றோட்டமான ஃபங்க்கை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

முதல் ஆல்பம் 1972-இல் வெளிவந்தது. அதிலிருந்த ‘தி மெசேஜ்’ 1973-இல் அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் 48-ஆம் இடம்வரை போயிற்று. சோல் பாடகர் அல் கிரீனோடு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார்கள். நியூயார்க்கில் ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் வாசித்த முதல் பிரிட்டிஷ் கறுப்பினக் குழு என்ற பெயரும் கிடைத்தது. பிறகு ஊர் திரும்பினார்கள். ஊரில் அவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான். பிரிட்டனில் கறுப்பினக் கலைஞர்களே வெற்றி பெறவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1967-இல் ஃபவுண்டேஷன்ஸ், 1968-இல் ஈக்குவல்ஸ் என்று கறுப்பரும் வெள்ளையரும் கலந்த குழுக்கள் அங்கே முதலிடத்துக்கு வந்திருக்கின்றன. மூன்று நிமிடத் துள்ளல் பாட்டு என்றால் கதவு திறந்தது. சிமாண்டே கேட்டது வேறு. பதினோரு நிமிடம் நீளும் ‘டவ்’ போன்ற ஒன்றைப் பொறுமையாகக் கேளுங்கள், நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார்கள். அதற்கு வானொலியிலும் இடமில்லை, பட்டியலிலும் இடமில்லை. 1974-இல் ‘பிராமிஸ்டு ஹைட்ஸ்’ என்ற மூன்றாவது ஆல்பத்தையும் நாடு கேட்காமல் விட்டது. 1975 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் ஆவரேஜ் ஒயிட் பேண்ட் ஒரு ஃபங்க் இசைத்துணுக்கோடு அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அவர்கள் அருமையான குழு, அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிரிட்டனிலிருந்து வரும் ஃபங்க்கைக் கேட்க உலகில் ஆளில்லை என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

பட்டினி கிடந்திருக்கலாமே என்கிறீர்கள். ஒரு பெருங்குழுவில் ஒருவரின் பட்டினி எல்லோர் குடும்பத்தின் பட்டினியும்தான். கலைஞன் வாடிச் சாவதைப் புகழ்ந்து பேசும் பழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. நாம் கேட்காமல் விட்ட பொறுப்பை அது மறைத்துவிடுகிறது. பாட்டர்சனும் ஸ்கிப்பியோவும் சட்டம் படித்தார்கள். ஸ்கிப்பியோ கரீபியத் தீவான ஆங்குவிலாவின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) பதவிவரை உயர்ந்தார். இதில் எங்கே தோல்வி இருக்கிறது?

அவர்கள் விட்ட இசையை வேறு கைகள் எடுத்துக்கொண்டன. முதல் ஆல்பத்தில் ‘ப்ரா’ என்றொரு பாடல் (சகோதரா என்பதன் சுருக்கம்). அதன் நடுவில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, பேஸும் தாளமும் தனித்து நிற்கும் ஒரு நீண்ட பகுதி வரும். நடனக் கூட்டங்களில் இசைத்தட்டு ஓட்டும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி டிஜேக்கள் இப்படிப்பட்ட இடங்களைத்தான் தேடி அலைந்தார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வாங்கி, ஒன்றில் அந்தப் பகுதி முடியும்போது மற்றதில் தொடங்கி, நடனம் நிற்காமல் ஓட்டினார்கள். ஹிப்-ஹாப் பிறந்தது இந்த வேலையில்தான். 1989-இல் டி லா சோல் என்ற ஹிப்-ஹாப் குழு ‘ப்ரா’வை எடுத்தாண்டது. நீங்கள் கேட்ட ஃபியூஜீஸ் பாடல் 1996-இல் வந்தது. அதில் ஓடுவது ‘டவ்’. அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீ தன் படத்தில் ‘ப்ரா’வைப் பயன்படுத்தினார். பெயர் தெரியாமலேயே ஒரு தலைமுறை சிமாண்டேயைக் கேட்டு வளர்ந்தது.

அவர்களும் திரும்பி வந்தார்கள். 2015-இல் ஒரு புதிய ஆல்பம், 2022-இல் அவர்களைப் பற்றிய ஆவணப்படம், 2025-இல் ‘ரெனசன்ஸ்’ என்ற இன்னோர் ஆல்பம். நம்பிக்கை இழந்தவர்கள் முதுமையில் மறுபடி வாத்தியத்தை எடுக்க மாட்டார்கள்.

எங்கே தொடங்குவது? முதல் ஆல்பத்தை வரிசை மாற்றாமல் முழுதாகக் கேளுங்கள். பிறகு மூன்றாவதிலிருந்து ‘பிரதர்ஸ் ஆன் த ஸ்லைடு’. இரண்டாவது ஆல்பம் காத்திருக்கலாம். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். அதில் பேஸ் கிடார் எழாது; ஸ்கிப்பியோ இல்லாத சிமாண்டே பாதிதான்.