'ஸ்' சட்டவிரோதம்

கேள்வி: அமெரிக்காவின் தென்மாநிலமான அர்கன்சாஸ், பூ, பறவை போதாதென்று காய்கறிக்குக்கூட அரசுச் சின்னம் வைத்திருக்கிறதாமே? பாரம்பரியத்தைப் போற்றுவதை அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டாமா?

– வாசகர், விருதுநகர்

பதில்: கற்றுக்கொள்ளலாம், முதலில் பெயரை. நீங்கள் எழுதியிருக்கும் சொல்லின் கடைசி 'ஸ்' சட்டவிரோதம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1881-ல் அந்த மாநிலச் சட்டமன்றம் கூடித் தீர்மானமே போட்டிருக்கிறது: பெயருக்கு மூன்று அசை, கடைசி எஸ் ஒலிக்கக் கூடாது, அழுத்தம் முதல் அசையிலும் கடைசி அசையிலும். நடு அசையை அழுத்தி எஸ்ஸையும் ஒலிப்பது ஊக்குவிக்கத் தகாத புதுப் பழக்கமாம். ஆக, 'ஆர்க்கன்சா'. மீறினால் என்ன தண்டனை என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் தமிழ்ப் பத்திரிகைகள் பிழைத்துக்கொண்டிருக்கின்றன.

எங்கள் பத்திரிகையையும் சேர்த்துத்தான். 1992-ல் அந்த மாநில ஆளுநர் பில் கிளிண்டன் அதிபர் தேர்தலில் நின்றபோது எனக்கும் எங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கும் மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. நான் 'ஸ்'ஸை அடிப்பேன், அவர் திரும்பச் சேர்ப்பார். "கண்ணுக்குத் தெரியற எழுத்தை எப்படி சார் விடறது?" என்பார். இவராவது பரவாயில்லை. தனித்தமிழ் நண்பர் ஒருவர், கிரந்தம் தீட்டு என்று சொல்லி 'அர்க்கன்சாசு' என்று எழுதி அனுப்புவார். ஒலிக்கவே ஒலிக்காத மெய்க்கு உகரம் சேர்த்து உயிர்மெய் ஆக்கியிருக்கிறார்! செத்த எழுத்துக்கு உயிர் கொடுத்தவர் தமிழ்நாட்டில் அவர் ஒருவர்தான்.

எஸ் எப்படி வந்தது? அங்கே வாழ்ந்த குவாப்பா பழங்குடியினரை அண்டை இனத்தார் அழைத்த பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் காதால் கேட்டு, தங்கள் வழக்கப்படி கடைசியில் ஒரு எஸ் போட்டு எழுதினார்கள். எழுதுவார்கள், சொல்ல மாட்டார்கள். அது அவர்கள் குலவழக்கம். பெயருக்குள்ளேயே 'கன்சாஸ்' இருக்கிறதே, அந்தப் பெயருள்ள மாநிலத்தில் எஸ்ஸைக் கணீரென்று சொல்வார்கள். ஆர்க்கன்சா ஆறு அந்த மாநிலத்தின் வழியாகவும் ஓடுகிறது. அங்கிருக்கும்வரை அது 'அர்கன்சஸ்'. எல்லை தாண்டி வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது.

சரி, காய்கறி. கொடியிலேயே பழுத்த தென் ஆர்க்கன்சா இளஞ்சிவப்புத் தக்காளியை 1987-ல் மாநிலப் பழமாகவும் மாநிலக் காய்கறியாகவும் ஒருசேர அறிவித்தார்கள். தாவரவியலுக்கும் மரியாதை, குழம்புக்கும் மரியாதை. 1893-ல் இதே வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. இறக்குமதியாகும் காய்கறிக்குப் பத்து சதவீத வரி, பழத்துக்கு இல்லை. தக்காளி பழம்தான் என்று நியூயார்க் வியாபாரிகள் வாதாட, மன்றத்தில் அகராதிகளை எடுத்து வாசித்தார்கள். தாவரவியல் என்ன சொன்னாலும், சாப்பாட்டோடு சாப்பிடுவது காய்கறி, வரியைக் கட்டு என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். காய்கறிக் கடையில் நின்றுகொண்டு "அரைக் கிலோ தக்காளிப்பழம்" கேட்கும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இப்படி உச்சரிப்பையும் தக்காளியையும் ஓட்டுப் போட்டுத் தீர்த்த சபை, தன் கொடியிடம் வந்தால் மட்டும் கை நடுங்குகிறது. 1913-ல் பைன் பிளஃப் ஊரைச் சேர்ந்த வில்லி ஹாக்கர் என்ற அம்மையார் வரைந்த கொடி அது. சிவப்புத் துணி, நடுவே வைரம். அமெரிக்காவில் வைரம் கிடைக்கும் மாநிலம் என்ற பெருமை. உள்ளே மூன்று நட்சத்திரங்கள், அந்த மண்ணை ஆண்ட ஸ்பெயின், பிரான்ஸ், அமெரிக்காவுக்காக. 1923-ல் நான்காவதாக ஒன்று சேர்ந்தது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்புக்கு. மறுவருடமே அதை மாநிலப் பெயருக்கு மேலே தனியாகத் தூக்கி வைத்தார்கள். 2019-ல் ஒரு மசோதா வந்தது: நட்சத்திரத்தைத் தொட வேண்டாம், ஒரு நூல்கூட மாற்ற வேண்டாம், பொருளை மட்டும் மாற்றி அந்த மண்ணின் பழங்குடிகளுக்கு ஆக்குவோம் என்று. குழுவிலேயே தோற்றது. பெயர் தந்த குவாப்பாக்களை 1824-ல் ஒப்பந்தம் போட்டு நிலத்தைவிட்டுக் கிளப்பினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள். ஆளை அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு உச்சரிப்புச் சட்டம்! இதையா கற்றுக்கொள்ளச் சொல்கிறீர்கள்?

அதே சபைதான் அதே 2019-ல் இன்னொன்றையும் செய்தது. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு சிலைக்கு இடம் உண்டு. தங்களுடைய பழைய இரண்டையும் இறக்கிவிட்டுப் பாடகர் ஜானி கேஷையும் டெய்சி பேட்ஸையும் வைப்பது என்று முடிவெடுத்தார்கள். 2024-ல் வைத்தும்விட்டார்கள். 1957-ல் லிட்டில் ராக்கில் வெள்ளையர் பள்ளிக்கு ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் போனபோது, வீட்டு ஜன்னலில் கல் விழ விழ அவர்கள் பக்கம் நின்றவர் டெய்சி பேட்ஸ்.

மெய்ப்புத் திருத்துநர் கவனத்துக்கு: இந்த அம்மாள் பெயரில் 'ஸ்' ஒலிக்கும். அடித்துவிடாதீர்கள்.