பேராதனைப் பூங்காவில் ஒரு நாள்: ஆறு மரங்கள் போதும்

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். அவளையும் மூன்று தோழிகளையும் வெள்ளவத்தையிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நாள் கூட்டிப்போக எண்ணியிருக்கிறேன். போன முறை நாள் முழுக்க நடந்தும் கைபேசியில் படங்கள்தான் மிஞ்சின. இம்முறை படிப்புக்கு உதவ என்ன செய்யலாம்?

பதில்: போன முறை 147 ஏக்கரையும் ஒரே நாளில் பார்த்துவிட முயன்றிருப்பீர்கள். அந்த அவசரத்தில் எதுவும் மனதில் தங்காது. இம்முறை ஆறு மரங்கள் போதும். ஒவ்வொன்றின் அடியிலும் இருபத்தைந்து நிமிடம் நில்லுங்கள்.

கோடு போடாத கொப்பி, பென்சில், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, தையல் அளவுநாடா, ஒரு பந்து சணல் நூல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பேனை வேண்டாம், மழைத்துளி பட்டால் மை கரைந்துவிடும். பருத்த அடிமரத்தைச் சுற்ற ஒன்றரை மீற்றர் நாடா எட்டாது. நூலைச் சுற்றி, பிறகு அந்த நூலை அளக்க வேண்டும். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் சுற்றளவை எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். அளக்கும் உயரம் மரத்துக்கு மரம் மாறினால் அளவுகளை ஒப்பிடவே முடியாது. இலையோ பூவோ பறிக்கக் கூடாது. கீழே விழுந்ததைக் கைவில்லையால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

மரத்தின் பெயர்ப்பலகையில் பிள்ளைகள் வழக்குப்பெயரை மட்டும் குறித்துக்கொள்வது வழக்கம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நாம் நாகலிங்கம் என்று சொல்லும் மரத்தை இங்கே சிங்களத்தில் ‘சால்’ என்பார்கள். புத்தர் பிறப்போடு சேர்த்துச் சொல்லப்படும் சால மரமோ வட இந்தியாவின் ஷோரியா ரொபஸ்டா. நாகலிங்கம் தென் அமெரிக்காவிலிருந்து வந்த கூரூபிடா கயானென்சிஸ். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். நம் தேசிய மரமான நாக மரம், அதாவது மெசுவா ஃபெரியா, இன்னொரு குடும்பம். ‘சால்’, ‘நாக’ என்ற சொற்களை நம்பி மூன்றையும் ஒன்றாக்கிவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அறிவியற்பெயர், குடும்பம், தாயகம் மூன்றையும் முதலில் எழுதிவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும்.

அறிவியற்பெயரும் சிலவேளை ஏமாற்றும். இரட்டைத் தேங்காய் மரத்தின் பெயர் லொடொய்சியா மால்திவிகா. ஆனால் அது மாலைதீவு மரமல்ல, சீஷெல்ஸ் தீவுகளுக்கு உரியது. மரத்தைக் காணுமுன்பே, மாலைதீவுக் கரையில் ஒதுங்கிய காய்களைக் கண்டவர்கள் வைத்த பெயர் அது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் முற்ற ஆறு, ஏழு ஆண்டு பிடிக்கும்.

பூங்காவில் உள்ள நாகலிங்க மரங்களில் ஒன்று, பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் வந்தபோது நட்டது. பூக்கள் அடிமரத்திலிருந்தே தொங்குவதைக் கவனியுங்கள். உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துப் பார்த்தால் இரு வகை மகரந்தக் கேசரங்கள் தெரியும். நடுவில் வளையமாக இருப்பவற்றின் மகரந்தம் இனப்பெருக்கத்துக்கு. பாம்புப்படம் போல வளைந்து நிற்பவை தேனீக்கு உணவு தருபவை. இந்தப் பூவில் தேன் இல்லை. கைவில்லை அதிகம் பயன்படப்போவது இங்கேதான், நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

அடுத்து இராட்சத மூங்கில். புதிய தண்டையும் முதிர்ந்த தண்டையும் அளக்கச் சொல்லுங்கள். மூங்கில் முளை எந்தப் பருமனில் வெளிவருகிறதோ அதே பருமனில்தான் உயரும், பின்னர் தடிக்காது. ஒருவித்திலைத் தாவரங்களில் தண்டைத் தடிக்கச் செய்யும் மாறிழையம் இல்லை என்று பாடத்தில் படித்ததைக் கையால் தொட்டு உணர இதைவிட நல்ல இடம் இல்லை. நிழற்சாலையில் நிற்கும் பனையினங்களிலும் அதே கேள்வியைக் கேட்கலாம். தாளிப்பனை ஆயுளில் ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்து மடியும். பூத்து நிற்கும் மரம் கண்ணில் பட்டால் திட்டத்தை ஒதுக்கிவிட்டு அதை வரைந்துகொள்ளுங்கள். ஆறாவதாகப் பெரும் புல்வெளியில் படர்ந்து நிற்கும் ஆலினம். அதன் வேர்களை ஒரு வரைபடமாக்கினால் போதும்.

பயணத்துக்குக் கண்டி பஸ்ஸே வசதி. பூங்கா வாசலைக் கடந்துதான் போகும். கோட்டையிலிருந்து அதிகாலை ஐந்து மணிக்குள் புறப்படுங்கள். பூங்கா காலை 7.30க்குத் திறக்கும், பதினொரு மணிக்குள் ஆறு மரங்களும் முடிந்துவிட வேண்டும். அதன் பின் வெயில் ஏறும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். போயா தினத்தையும் ஞாயிறையும் தவிர்த்தால் மரத்தடியில் அமைதியாக நிற்கலாம். சாப்பாட்டுப் பொதியைத் திறந்துவைத்துவிட்டு நகர வேண்டாம், குரங்குகள் காத்திருக்கும்.

கொழும்பிலேயே ஒரு முன்னோட்டமும் உண்டு. பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்குவதற்கு முன், ஆங்கிலேயரின் தாவரத் தோட்டம் கொம்பனித்தெருவில் இருந்தது, பின்னர் களுத்துறைக்குப் போனது. கொம்பனித்தெருவின் கியூ வீதி என்ற பெயர் அந்தத் தோட்டத்தின் நினைவு. போவதற்கு முந்திய வாரம் அப்பக்கம் போய், வீதியோரம் நிற்கும் ஏதாவது ஒரு மரத்தில் நூல் சுற்றும் அளவை இரண்டு தடவை பழகிவிட்டால், பேராதனையில் அரை மணி நேரம் மிச்சமாகும்.